இழை: ஃபிராங்க் வாரெலைக் கேப்டனாக்கச் சொல்லி எழுதியது விளையாட்டுச் செய்தியா, அரசியலா?

கரிசல் ஸ்பின்னர் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ஐபிஎல் இழையில் ஒரு நண்பர், "விளையாட்டு எழுதுகிறவர் விளையாட்டை மட்டும் எழுதட்டும், அரசியலைக் கொண்டுவந்து நுழைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். உடனே பதில் எழுதக் கை பரபரத்தது. ஆனால் அங்கே மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். வெஸ்ட் இண்டீஸ் முதல் டெஸ்ட் ஆடியது 1928ல். அதிலிருந்து 1960 வரை ஒரு தொடர் முழுவதற்கும் கேப்டன் என்று ஒரு கறுப்பரை நியமித்ததே இல்லை. ஜார்ஜ் ஹெட்லிக்கு 1948ல் பார்படோஸில் ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ரன் அடிக்கவும் வேகமாகப் பந்து போடவும் கறுப்பர்கள் வேண்டும், டாஸ் போட மட்டும் வெள்ளையரோ வெள்ளையருக்கு நெருக்கமான நிறத்தவரோ வேண்டும். 1954-55ல் ஆஸ்திரேலியா வந்தபோது வழக்கமான கேப்டன் ஸ்டோல்மேயர் ஆடாத டெஸ்டுகளுக்கு டெனிஸ் அட்கின்சன் கேப்டன், இருவருமே வெள்ளையர்கள். அப்போது அதே அணியில் வாரெல், வீக்ஸ், வால்காட் என்ற மூன்று பெரிய கறுப்பு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

இதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் "வாரியம் முடிவு செய்யும், ஆட்டத்தைப் பற்றி எழுதுவோம்" என்பதுதான் பத்திரிகை வழக்கம்.

1958ல் சி.எல்.ஆர். ஜேம்ஸ் டிரினிடாடுக்குத் திரும்பி வந்தார். 1930களில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் கார்டியனுக்குக் கிரிக்கெட் எழுதியவர், அரசியல் சிந்தனையாளர். வந்ததும் 'தி நேஷன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1959-60ல் இங்கிலாந்து அணி வந்தது. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஜெர்ரி அலெக்சாண்டர், வெளிர் நிறத்தவர், கேம்பிரிட்ஜில் படித்த விக்கெட் கீப்பர். அவருக்குக் கீழே ஆடிய வாரெல் முதல் டெஸ்டிலேயே 197 நாட் அவுட்.

இரண்டாவது டெஸ்ட், போர்ட் ஆஃப் ஸ்பெயின், 1960 ஜனவரி 30. மைதானத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். வெஸ்ட் இண்டீஸ் விக்கெட்டுகள் மளமளவென்று விழுகின்றன. முதல் டெஸ்ட் ஆடுகிற உள்ளூர்ப் பையன் சரண் சிங் ரன் அவுட், ஸ்கோர் 98க்கு 8. முதலில் ஒரு பாட்டில் வந்து விழுந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கில். இங்கிலாந்து ஆட்டக்காரர்களைப் பத்திரமாக உள்ளே கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

குடி, நெரிசல், அம்பயர் தீர்ப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜேம்ஸ் வேறு மாதிரி எழுதினார். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நமக்கு எதிராகத்தான் முடிவெடுக்கிறார்கள் என்ற எண்ணம் இந்த மக்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது, பாட்டில் அங்கிருந்துதான் வந்தது என்றார். அதோடு நிற்கவில்லை. அலெக்சாண்டர் போக வேண்டும், வாரெல் கேப்டனாக வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். வாரெல் ஆடுகிற அணிக்கு அலெக்சாண்டர் தலைமை தாங்குவது தனக்கு அருவருப்பாக இருக்கிறது என்கிற அளவுக்குப் போனார்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வாரெலைக் கேப்டனாக அறிவித்தார்கள்.

என் கேள்வி இதுதான்: அங்கே அரசியலைக் கொண்டுவந்தது ஜேம்ஸா? முப்பத்திரண்டு வருஷமாக அது தேர்வுக்குழு மேஜையில்தானே இருந்தது?

நேர்க்கோடு

நல்ல பதிவு. ஆனால் ஒரு முக்கியமான விஷயம் இதில் விடுபட்டிருக்கிறது. 'தி நேஷன்' சுதந்திரமான பத்திரிகை அல்ல. எரிக் வில்லியம்ஸின் மக்கள் தேசிய இயக்கம் என்ற கட்சியின் அதிகாரபூர்வ ஏடு அது. வில்லியம்ஸ் ஜேம்ஸின் பழைய மாணவர், ஜேம்ஸை அந்த வேலைக்கு வைத்ததும் அந்தக் கட்சிதான். நாடு விடுதலை நோக்கிப் போகிற நேரத்தில், கறுப்புக் கேப்டன் வேண்டும் என்பது அந்தக் கட்சிக்கு லாபமான கோஷம்.

போன வாரம் அந்த வரியை எழுதியவனே நான்தான். இன்றைக்கும் என் கருத்து அதுதான். கட்சிக்காரர் எழுதுவதைச் 'சுதந்திர விளையாட்டு இதழியல்' என்று கொண்டாடினால், நாளைக்கு எந்தக் கட்சிக்காரர் எழுதினாலும் அதே மரியாதை கொடுக்க வேண்டிவரும். அதற்கு நீங்கள் தயாரா?

புங்கமரத்து நிழல்

ஜேம்ஸின் இளமைக்காலத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன், நேர்க்கோடு சாரின் கேள்விக்கும் இது பயன்படும்.

அந்தக் காலத்து டிரினிடாடில் கிளப்புகள் நிறத்தின் படிக்கட்டு மாதிரி இருந்தன. உச்சியில் குவீன்ஸ் பார்க், பணக்கார வெள்ளையர்கள். மைதானமே அவர்களுடையது. ஷாம்ராக், பெரும்பாலும் கத்தோலிக்கர்களான பிரெஞ்சு வம்சாவளியினர். மேப்பிள், மாநிறத்து நடுத்தர வர்க்கம். ஷானன், ஆசிரியர், குமாஸ்தா போன்ற வேலைகளில் இருந்த கறுப்பர்கள். ஸ்டிங்கோ, உழைப்பாளிக் கறுப்பர்கள்.

ஜேம்ஸ் நல்ல கறுப்பு. ஆனால் படிப்பு இருந்தது, அதனால் மேப்பிள் கூப்பிட்டது. யோசித்து யோசித்து மேப்பிளிலேயே சேர்ந்தார். புகழ்பெற்ற கறுப்பு ஆட்டக்காரர் லியரி கான்ஸ்டன்டைன் ஆடியது ஷானனில். அந்த ஒரு முடிவால் கான்ஸ்டன்டைனோடு நெருங்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது, தன் அரசியல் வளர்ச்சியும் தாமதமானது என்று பிற்காலத்தில் அவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தக் கிளப்பில் யார் சேரலாம் என்பதை இருபது வயதில் தன் உடம்பில் அனுபவித்தவர் அவர். அலெக்சாண்டர் விவகாரத்தை அவர் எழுத எந்தக் கட்சியும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, அந்த 1960லேயே வில்லியம்ஸுக்கும் அவருக்கும் முறிந்து, ஜேம்ஸ் பத்திரிகையை விட்டு வெளியே வந்துவிட்டார். கட்சி இழுத்த இழுப்புக்குப் போகிறவராக இருந்திருந்தால் நாற்காலி மிஞ்சியிருக்குமே!

லாங் ஆன்

ஜேம்ஸ் மேல் மரியாதை உண்டு, ஆனால் கதையை ஒரு பக்கமாகவே சொல்லக் கூடாது.

வாரியம் வாரெலை முன்னாலேயே கேட்டது. பாகிஸ்தான் வந்த 1957-58 தொடருக்கும், இந்தியாவுக்கு வந்த 1958-59 பயணத்துக்கும் அவர் வர முடியவில்லை, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அலெக்சாண்டர் அந்த இடைவெளியில்தான் கேப்டன் ஆனார். அதே இந்தியப் பயணத்தில்தான் பேட்ஸ்மேன் தலைக்கு நேராக ஃபுல்டாஸ் போட்ட ராய் கில்கிறிஸ்டைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினார். ஆக, முதுகெலும்பு இல்லாத ஆளும் அல்ல.

பதவி போன பிறகு அந்த மனிதர் என்ன செய்தார்? வாரெலுக்குக் கீழே கீப்பராகவும் துணைக் கேப்டனாகவும் ஆஸ்திரேலியா போனார். ஐந்து டெஸ்டில் 484 ரன், சராசரி 60.50. அணியிலேயே முதலிடம். முதல்தர ஆட்டத்தில் அவர் அடித்த ஒரே சதம், 108, சிட்னியில் அந்தத் தொடரில் வந்ததுதான். இப்படிப்பட்ட ஒருவரை "போக வேண்டும்" என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டு அடித்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கரிசல் ஸ்பின்னர்

லாங் ஆன் அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. வாரெலை முன்பே கேட்டதை நான் விட்டது தவறுதான். அலெக்சாண்டரின் பெருந்தன்மையை ஜேம்ஸின் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனாலும் 1960 ஜனவரியில் வாரெல் படிப்பு முடிந்து அணிக்குத் திரும்பிவிட்டார். அப்புறமும் அலெக்சாண்டர்தான் கேப்டன். "அவர் இல்லாததால் இவர்" என்ற சமாதானம் அந்த இடத்தில் தீர்ந்துபோகிறது. ஜேம்ஸ் எழுதத் தொடங்கியதும் அந்த இடத்தில்தான்.

அவர் வெறும் நிறத்தை மட்டும் வைத்து வாதாடவும் இல்லை. இந்த அணியில் ஆட்டத்தை அதிகம் அறிந்தவர் யார், மற்ற ஆட்டக்காரர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று கிரிக்கெட்டை வைத்தே பேசினார். பதில் பிரிஸ்பேனில் கிடைத்தது. 1960 டிசம்பர், கடைசி ஓவர் (அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து), ஆஸ்திரேலியாவுக்கு ஆறு ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில். வெஸ் ஹால் ஓடி வருகிறார். அந்த ஓவரிலேயே மூன்று விக்கெட்டும் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு ஸ்டம்ப்பைக் குறிபார்த்து ஜோ சாலமன் எறிய, மெக்கிஃப் ரன் அவுட். இரண்டு அணிக்கும் ஒரே ஸ்கோர், டெஸ்ட் வரலாற்றின் முதல் டை. பதற்றம் வந்தால் சிதறிப்போகும் அணி என்று அதுவரை பெயர் வாங்கிய அணி அது. அந்த ஓவரில் சிதறவில்லை.

தொடரை 2-1 என்று ஆஸ்திரேலியா ஜெயித்தது. ஆனால் ஊர்வலம் தோற்றவர்களுக்குத்தான். மெல்போர்ன் தெருக்களில் திறந்த கார்களில் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர்களை அழைத்துப்போனபோது இருபுறமும் ஜனக்கடல்.

மழைநாள் ரேடியோ

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஷார்ட்வேவில் பிபிசி கேட்டு வளர்ந்தவன். கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டின் குரல் இன்னும் காதில் இருக்கிறது, கரகரவென்று, அவசரமே இல்லாத குரல். கட்சிப் பத்திரிகை என்பதுதான் தடை என்றால், கட்சிப் பத்திரிகையில் இல்லாத இவரைப் பாருங்கள், தம்பிகளா.

1948-49ல் வர்ணனைக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். தெருவில் நடந்துபோன ஒரு கறுப்பரை ஒரு வெள்ளையர் காரணமே இல்லாமல் சாக்கடைக்குள் உதைத்துத் தள்ளியதைக் கண்ணால் பார்த்தார். ஒரு படிவத்தில் 'இனம்' என்ற இடத்தில் 'மனிதன்' என்று எழுதிக் கொடுத்தார். 1950ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசாங்கத்தை நாஜி என்று சொன்னதற்காக அந்த நிகழ்ச்சிக்கு அவரைச் சில ஆண்டுகள் கூப்பிடவே இல்லை.

1958ல் கேப் டவுனிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பச்சை மையில் எழுதிய கடிதம். எழுதியவர் பேசில் டி'ஒலிவெய்ரா. கலப்பினத்தவர் என்பதால் சொந்த நாட்டு அணியில் இடமே கிடையாது. இங்கிலாந்தில் எங்காவது ஆட வழி உண்டா என்று கேட்டிருந்தார். ஆர்லட் அதைத் தூக்கிப் போடவில்லை. பத்திரிகையாளர் ஜான் கேயிடம் பேசி, இரண்டு பேருமாக அலைந்து, 1960ல் மிடில்டன் கிளப்பில் 450 பவுண்டுக்கு ஒரு சீசன் வாங்கிக் கொடுத்தார்கள். 1966ல் அவர் இங்கிலாந்துக்கே டெஸ்ட் ஆடினார்.

1968 ஆகஸ்ட், ஓவல், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158. அடுத்த சில நாட்களில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அணி அறிவித்தார்கள், அவர் பெயர் இல்லை. கிரிக்கெட் காரணம் மட்டுமே என்றார்கள். அப்போது நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு பத்திரிகை அவரை அந்தப் பயணத்தின் நிருபராக அமர்த்தியது! செப்டம்பரில் அணியில் இருந்த கார்ட்ரைட் காயத்தால் விலக, டி'ஒலிவெய்ராவை அணியில் சேர்த்தார்கள். இது எங்கள் எதிரிகளின் அணி என்கிற மாதிரி தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் பேச, பயணமே ரத்து.

1970ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வருவதாக இருந்தது. அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று ஏப்ரலில் கார்டியனில் எழுதினார் ஆர்லட். அதுதான் அவர் சோறு. மேல்மட்டக் கிரிக்கெட் உலகத்தில் பெரும்பாலோர் "ஆடட்டும், அரசியல் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எழுதினார். மே மாதம் பயணம் ரத்தானது. தென்னாப்பிரிக்கா மறுபடி சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு வர 1991 ஆயிற்று.

நேர்க்கோடு

மழைநாள் ஐயா, பச்சை மை விஷயம் எனக்குப் புதிது. ஆர்லட் விஷயத்தில் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. அவர் தன் வேலையைப் பணயம் வைத்தார்.

ஆனால் என் கவலை வேறு. "எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள், நான் ஒருவன்தான் உண்மை சொல்கிறேன்" என்பது இன்றைக்கு ஒரு வியாபாரம். ஒரு வீரர் தலைவாரிக்கொண்டதில் இருந்து அவர் போடும் பதிவு வரை எல்லாவற்றிலும் கலாச்சாரச் சண்டை கிளப்புகிற யூடியூப் சேனல்களும் தங்களைச் சுதந்திர ஊடகம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. அவர்களும் பெரிய நிறுவனங்களை எதிர்க்கிறார்கள்தான். ஜேம்ஸையும் அவர்களையும் எதை வைத்துப் பிரிப்பது? எதிர்த்தால் போதும் என்றால் அவர்களும் ஜேம்ஸ்தான்.

புங்கமரத்து நிழல்

சார், இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். எனக்குத் தோன்றுவது: எதை எடுத்துக் காட்டுகிறார், எங்கே போய் விசாரித்தார், தப்பு என்றால் திருத்துகிறாரா. ஆண்ட்ரூ ஜென்னிங்ஸ் என்ற பிரிட்டிஷ் நிருபரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைவர் பிளாட்டரின் பத்திரிகையாளர் சந்திப்பில் மைக்கைப் பிடித்து, "நீங்கள் லஞ்சம் வாங்கியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டார். வீண் சவடால் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் கேட்டது பிளாட்டருக்காக அல்ல, ஓரமாக நின்றுகொண்டிருந்த ஃபிஃபா ஊழியர்களுக்காக. இந்த ஆளிடம் கொடுத்தால் எழுதுவான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சில வாரங்களில் உள்ளிருந்தே காகிதங்கள் வரத் தொடங்கின. அடுத்த வருஷம் ஃபிஃபா அவரைத் தன் சந்திப்புகளுக்குள் வர விடாமல் தடுத்தது. 2015 மே மாதம் சூரிச் ஹோட்டலில் நிர்வாகிகளைக் கைது செய்தார்களே, அந்த விசாரணைக்கு அவரும் ஆவணங்கள் கொடுத்திருந்தார்.

கூச்சல் போடுகிறவரிடம் காகிதம் இருக்காது, சார். ஜேம்ஸிடம் ஆட்டக் கணக்கு இருந்தது, ஜென்னிங்ஸிடம் பணக் கணக்கு இருந்தது.

டீக்கடை ஸ்கோரர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரு மாவட்டத்தில் பகுதிநேர நிருபராக இருந்தேன். பத்திரிகைப் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். லீக் ஆட்டம், பள்ளி விளையாட்டு, கபடி, எல்லாம் நான்தான். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று காசு.

ஒரு வருஷம் 16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் தேர்வு. காலை ஆறு மணிக்கே நூறு பையன்களுக்கு மேல் வரிசை. பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவன், கால் அளவுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ. நுனியில் துணி திணித்திருந்தான். இடது கை ஸ்பின். ஆறு பந்து போட்டான். மூன்றாவது பந்து பேட்ஸ்மேனின் காலுக்குப் பின்னால் திரும்பி ஸ்டம்பை எடுத்தது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒருவரே "அடடா" என்றார்.

தேர்வாளர்கள் மேஜைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். பதினைந்து பெயர் கொண்ட பட்டியல் டைப் அடித்து, கையெழுத்தோடு, ஸ்கோர் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. அப்போது மணி ஏழே முக்கால். நெட்டில் பாதிப் பையன்கள் இன்னும் பந்தையே தொடவில்லை. பெயர்களைக் குறித்துக்கொண்டேன். மாலையில் அறிவித்தபோது அதே பதினைந்து. அதில் பதின்மூன்று பேர் இரண்டே இரண்டு அகாடமிகளைச் சேர்ந்த பையன்கள்.

எழுதினேன். உதவி ஆசிரியர் போன் செய்தார். "செய்தி சரிதான்யா, ஆனால் நாளைக்கு அந்தச் சங்கத்திடம்தானே நாம் பாஸ் வாங்க வேண்டும்" என்றார். 'மாவட்ட அணி தேர்வு' என்று நான்கு வரிப் பெட்டிச் செய்தியாக, பதினைந்து பெயரோடு வந்தது. அடுத்த சீசன் மைதானத்துக்குள் என்னை விடவும் இல்லை. முன்கூட்டியே டைப் அடித்த விஷயம் ஒரு வரிகூட அச்சில் வராததற்கே அப்படி.

கோபம் எனக்கு அந்த உதவி ஆசிரியர் மேல் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்த இடது கைப் பையனை அப்புறம் நான் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்னும் அடிக்கிறது.

லாங் ஆன்

ஸ்கோரர் அண்ணே, இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மாவட்டத்தில் பாஸ் என்றால், மேலே ஒப்பந்தம். இந்தியாவில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பை வாரியமே தயாரித்து, வர்ணனையாளர்களையும் தானே அமர்த்திய காலம் உண்டு. 2016ல் ஐபிஎல் தொடங்கப்போகிற நேரத்தில் ஹர்ஷா போக்லேயை விலக்கினார்கள், ஏன் என்று வெளிப்படையாகக் காரணம் சொல்லவில்லை. 2020ல் மஞ்ச்ரேக்கர். அவர்கள் பேசியது சரியா தவறா என்பது வேறு விஷயம். மீதி இருப்பவர்கள் அடுத்த நாள் மைக்கைப் பிடிக்கும்போது என்ன யோசிப்பார்கள்?

அலெக்சாண்டரைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஜேம்ஸ் எழுதியிருக்கக் கூடாது என்று இனிச் சொல்ல மாட்டேன்.

புங்கமரத்து நிழல்

நம் நாட்டிலேயே ஒரு வாரெல் கதை உண்டு, பல்வங்கர் பாலு. புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் உருட்டிய தலித் இளைஞர், இடது கை ஸ்பின். இந்துக்களின் கிளப் அவரை ஆட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது, ஆனால் டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண்குவளையில். 1911ல் இங்கிலாந்து போன இந்திய அணிக்கு 114 விக்கெட். பம்பாயில் மத வாரியாக அணிகள் மோதிய போட்டியில் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவே இல்லை. 1920ல் அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் இதை எதிர்த்து அணியிலிருந்து விலகி நின்றார்கள். 1923ல் விட்டல் கேப்டன் ஆனார்.

நேர்க்கோடு

ஸ்கோரர் அண்ணா, "விளையாட்டை மட்டும் எழுதட்டும்" என்று நான் எழுதியபோது என் மனதில் இருந்தவை டிவி விவாதங்கள். டைப் அடித்த பட்டியல் அல்ல. அந்தப் பட்டியலைப் பற்றி எழுதுவது விளையாட்டைப் பற்றி எழுதுவதுதான். போன வார வரியை அப்படியே விட எனக்கு மனமில்லை. அந்த இழையில் போய் இங்கே வரச் சொல்லி ஒரு குறிப்புப் போட்டுவிட்டேன்.

கூச்சல் சேனல்கள் பற்றிய என் பயம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தனியாகப் பேசலாம்.

கரிசல் ஸ்பின்னர்

நேர்க்கோடு, நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

ஸ்கோரர் அண்ணா, இப்போதும் தேர்வுகளுக்குப் போகிறீர்களா?

டீக்கடை ஸ்கோரர்

நிருபராக இல்லை தம்பி, நிறுத்தி வருஷமாகிறது. ஆனால் வரும் ஞாயிறு எங்கள் பக்கத்தில் 14 வயதுக்குட்பட்டோர் தேர்வு, காலை ஆறரைக்கு. பார்வையாளராக நிற்க யாரிடமும் பாஸ் வாங்க வேண்டியதில்லை. எத்தனை பையன்கள் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை பந்து கொடுத்தார்கள், பட்டியலை எத்தனை மணிக்கு ஒட்டினார்கள், மூன்றையும் நோட்டில் குறித்து, ஞாயிறு இரவு இந்த இழையில் போடுகிறேன். பையன்கள் பெயர் வேண்டாம், எண் மட்டும்.

லாங் ஆன்

நானும் பக்கத்து மாவட்டம்தான் அண்ணே. ஆளுக்கு ஒரு நெட் பார்த்துக்கொள்ளலாம். இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஆறு மணிக்கு வண்டியோடு நிற்கிறேன்.